அந்த வரியை டெலீட் பண்ணது நான்தான்

மக்களே, ஒரு சின்ன வேலை. உங்க போன்ல கூகுள் ஹிஸ்டரியைத் திறந்து, முகத்தைப் பத்திக் கடைசியா என்ன தேடினீங்கன்னு பாருங்க. பரு, கருவளையம், முடி கொட்டுறது, சன்ஸ்கிரீன்னு ஏதாவது ஒண்ணு கண்டிப்பா இருக்கும். பசங்க சிரிக்காதீங்க, தாடி வளர என்ன பண்ணணும்னு தேடாத ஆள் நம்ம காலேஜ்ல யாரு? இதையெல்லாம் அம்மாகிட்ட கேட்டிருக்க மாட்டோம். பக்கத்து பெஞ்சு ஃபிரண்டுகிட்டகூடக் கேட்டிருக்க மாட்டோம். ராத்திரி லைட்டை அணைச்சிட்டு கூகுள்கிட்ட கேட்டிருப்போம்.

அப்படி ஊரே கேக்குற கேள்விகளை மொத்தமாச் சேர்த்து, யார் கேட்டாங்கன்னு தெரியாம, கிராஃபாக் காட்டுற இடம்தான் கூகுள் ட்ரெண்ட்ஸ். 2006-ல வந்தது. 2004-ல இருந்து டேட்டா இருக்கு. காசு கிடையாது, லாகின்கூட வேண்டாம். போன வருஷம் டேட்டா அனலிட்டிக்ஸ் மினி ப்ராஜெக்ட்டுக்கு நான் அதைத்தான் எடுத்தேன். மார்க் நல்லாவே வந்துச்சு. அதுல நான் பண்ண தப்பு ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லத்தான் எழுதுறேன்.

என் ஊர் கண்டரமாணிக்கம். காரைக்குடிப் பக்கம்னு சொன்னாத்தான் நிறையப் பேருக்குப் புரியும். பெரிய பெரிய செட்டிநாட்டு வீடுங்க, பாதி வீட்டுல பூட்டு. கல்யாணம், திருவிழான்னா சென்னையில இருந்தும் சிங்கப்பூர், மலேசியாவுல இருந்தும் வந்து திறப்பாங்க. நாலு நாள் தெரு கலகலன்னு இருக்கும். அப்புறம் மறுபடி பூட்டு. எங்க வீடு அந்த மாதிரி வீடு இல்ல, அதுங்களுக்குப் பின்னால இருக்கிற தெருவுல ஒரு ஓட்டு வீடு.

அம்மா மகளிர் சுய உதவிக் குழுவுல இருக்காங்க. பன்னெண்டு பேர் சேர்ந்து நலங்கு மாவு அரைச்சு விக்கிறாங்க. பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ் எல்லாத்தையும் வாசல்ல பழைய சேலையை விரிச்சுக் காயப்போட்டு மில்லுல கொடுத்து அரைக்கணும். இதுல ஒரு தொழில் ரகசியம் இருக்கு. மிளகாய் அரைச்ச மெஷின்ல இந்த மாவை அரைச்சா, பூசுறவங்க முகம் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால மில்லுக்காரர் மெஷினைச் சுத்தம் பண்ணிட்டு காலையில முதல் ஆளா எங்க மாவைத்தான் போடுவார். அதுக்காக விடியறதுக்கு முன்னாடியே யாராவது ஒருத்தர் போய் மில் வாசல்ல நிக்கணும்.

வீடுங்க திறக்கிறப்ப மாவு நல்லா ஓடும். மத்த நாள்ல டப்பா டப்பாவா அடுக்கி வச்சது அப்படியே இருக்கும். குழுவுக்கு அடுத்த சுத்துக் கடன் வரப்போகுது, அதை எதுல போடுறதுன்னு பேச்சு. அப்பதான் அம்மா கேட்டாங்க: "கம்ப்யூட்டர் படிக்கிறல்ல? சனம் என்னத்தைத் தேடுதுன்னு அதுல பாத்துச் சொல்லேன்டி."

எனக்கு ஒரே குஷி. ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பும் ஆச்சு, அம்மாவுக்கு உதவியும் ஆச்சு.

ட்ரெண்ட்ஸைத் திறந்தா முதல்ல ஏமாத்துறது அந்த 100-ங்கிற நம்பர்தான். 100-ன்னா நூறு பேர் தேடினாங்கன்னு அர்த்தம் இல்ல. நீங்க எடுத்த காலத்துல, எடுத்த இடத்துல, அந்தச் சொல்லுக்கு உச்சமான நேரம் 100. மத்ததெல்லாம் அதோட ஒப்பிட்டு. அதுவும் எத்தனை பேர் தேடினாங்கங்கிற எண்ணிக்கை இல்ல, மொத்தத் தேடல்ல அதுக்கு எத்தனை பங்குங்கிற கணக்கு. சும்மா ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம்: ஒரு வாரம் தமிழ்நாட்டுல ஒரு லட்சம் தேடல், அதுல 50 சன்ஸ்கிரீன். அடுத்த வாரம் ஐ.பி.எல். ஃபைனல், மொத்தம் ரெண்டு லட்சம் தேடல், சன்ஸ்கிரீன் அதே 50. கிராஃப் பாதியா இறங்கிடும். சன்ஸ்கிரீனை யாரும் மறக்கல, மத்தவங்க ஸ்கோர் பாத்தாங்க, அவ்வளவுதான். இது போதாதுன்னு, கூகுள் எல்லாத் தேடலையும் எண்ணுறதும் இல்ல. ஒரு மாதிரி எடுத்துத்தான் எண்ணுது. அதனால இன்னைக்குப் பாத்த நம்பர் நாளைக்குக் கொஞ்சம் மாறி வரும். வைவாவுக்கு முந்தின நாள் ராத்திரி இதைக் கண்டுபிடிச்சு நான் அழுதது தனிக்கதை.

அடுத்த தலைவலி எழுத்து. நம்மாளுங்க தமிழ்லயும் தேடுறாங்க, தமிழை இங்கிலீஷ் எழுத்துலயும் தேடுறாங்க. நலங்கு மாவையே எடுத்துக்கோங்க. மாவுக்கு ஒரு 'ஏ' போடுறவங்க, ரெண்டு 'ஏ' போடுறவங்க, 'வி'க்குப் பதிலா 'டபிள்யூ' போடுறவங்க, ரெண்டு வார்த்தையையும் ஒட்டி எழுதுறவங்க. ட்ரெண்ட்ஸுக்கு ஒவ்வொண்ணும் தனிச் சொல். எல்லாத்தையும் நடுவுல பிளஸ் குறி போட்டுச் சேர்த்துக் கொடுத்தாத்தான் ஒரே கோடா வரும். இது தெரியாம ஒரு எழுத்துக்கூட்டலை மட்டும் போட்டுட்டு 'நலங்கு மாவை யாருமே தேடல'ன்னு நான் முதல் ரிப்போர்ட்ல எழுதி வச்சிருந்தேன். அப்புறம் மேல இருக்கிற பட்டியல்ல வெப் சர்ச்சை யூடியூப் சர்ச்சா மாத்திப் பாருங்க, உலகமே வேற மாதிரி தெரியும். நம்ம ஊர் அழகுக் குறிப்பு முழுக்க யூடியூப்லதான் குடியிருக்கு.

என்னென்ன தெரிஞ்சதுன்னா, சன்ஸ்கிரீன் பங்குனி வெயில்ல ஏறி சித்திரையில உச்சத்துக்குப் போகும், மழை வந்தா இறங்கும். இதுக்கு டேட்டா சயின்ஸ் தேவையில்ல, எங்க அப்பத்தாவைக் கேட்டாலே சொல்லும். நியாசினமைடு அப்படி இல்ல. வைட்டமின் பி3-யோட ஒரு வடிவம் அது. சில வருஷத்துக்கு முன்னாடி கெமிஸ்ட்ரி படிச்சவங்களைத் தவிர யாருக்கும் தெரியாது, இப்ப பிளஸ் டூ பிள்ளைங்க சதவீதம் சொல்லிப் பேசுதுங்க. க்ரீம் பேரைச் சொல்லிக் கேட்ட காலம் போய், உள்ள இருக்கிற கெமிக்கல் பேரைச் சொல்லிக் கேக்குற காலம் வந்திருக்கு. அப்படிக் கெமிக்கல் பேரை முன்னாடி போட்டே வளர்ந்த மினிமலிஸ்ட்ங்கிற ஜெய்ப்பூர் கம்பெனி 2020-ல ஆரம்பிச்சது. அதுல 90.5 சதவீதத்தை வாங்கப்போறதா இந்துஸ்தான் யூனிலீவர் 2025 ஜனவரியில அறிவிச்சது. கிராஃப்ல தெரியிற மாற்றம் காசாகவும் மாறுதுங்கிறதுக்கு அதை உதாரணமா ரிப்போர்ட்ல போட்டேன்.

ஃபேர் அண்ட் லவ்லின்னு போட்டா 2020 ஜூன் கடைசியில ஊசி மாதிரி ஒரு ஏத்தம். 1975-ல வந்த க்ரீம், திடீர்னு ஏன் இவ்வளவு தேடல்? அந்த வாரம்தான் பேர்ல இருந்து 'ஃபேர்' போகுதுன்னு கம்பெனி சொல்லுச்சு. ஜூலை ஆரம்பத்துல 'க்ளோ அண்ட் லவ்லி'ன்னு புதுப் பேரும் வந்துடுச்சு. தேடினவங்க வாங்க வந்தவங்க இல்ல, வேடிக்கை பார்க்க வந்தவங்க. கூகுளே இதுல விழுந்து எழுந்திருக்கு. ஃப்ளூ தேடல்களை வச்சு எங்க காய்ச்சல் பரவுதுன்னு சொல்ல 2008-ல ஃப்ளூ ட்ரெண்ட்ஸ்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. 2012-13 குளிர்காலத்துல அமெரிக்காவுல உண்மையா டாக்டர்கிட்ட போனவங்களை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு சொல்லிடுச்சு. 2015-ல இழுத்து மூடிட்டாங்க. காய்ச்சல்னு தேடுறவங்க எல்லாருக்கும் காய்ச்சல் இல்ல.

இந்த இடத்துல எனக்குப் பிடிச்ச ஒரு பழைய கதை. கடலூர்க்காரர் சி.கே.ரங்கநாதன் 1983-ல சிக் ஷாம்பு ஆரம்பிச்சப்ப கூகுளும் இல்ல, கிராஃபும் இல்ல. எந்தக் கம்பெனி ஷாம்பு பாக்கெட்டா இருந்தாலும் சரி, காலி பாக்கெட் அஞ்சு கொண்டுவந்தா ஒரு சிக் இலவசம்னார். கொஞ்ச நாள் கழிச்சு, சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான் இலவசம்னு மாத்தினார். யோசிச்சுப் பாருங்க, ஒவ்வொரு காலி பாக்கெட்டும் ஒரு டேட்டா. தேடினது இல்ல, கேட்டது இல்ல, தலைக்குத் தேய்ச்சு முடிச்சது. அந்த மாதிரி டேட்டா ட்ரெண்ட்ஸ்ல கிடைக்காது.

இதெல்லாம் தெரிஞ்சும் நான் தப்பு பண்ணேன்.

ஊர்வாரியாப் பாத்தா கண்டரமாணிக்கம் வரவே இல்ல. 'குறைவான தேடல் உள்ள இடங்களையும் சேர்' அப்படின்னு ஒரு பெட்டி இருக்கு, அதை டிக் பண்ணியும் வரல. திருப்பத்தூர்னு இருந்தாலும் அது நம்ம சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரா, 2019-ல தனி மாவட்டமான வடக்கத்தித் திருப்பத்தூரான்னு ஒரு தடவை மேப்பைப் பாத்துக்கணும். தேடல் ரொம்பக் கம்மின்னா ட்ரெண்ட்ஸ் பூஜ்ஜியம்னு காட்டிடும். அது 'யாரும் கேக்கல'ங்கிற பூஜ்ஜியம் இல்ல, 'எண்ணுற அளவுக்கு இல்ல'ங்கிற பூஜ்ஜியம். சரி, தமிழ்நாடு மொத்தத்தையும் எடுத்துக்குவோம்னு எடுத்தேன்.

நலங்கு மாவோட கோட்டையும் 'ஸ்கின் ஒயிட்னிங்' கோட்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டேன். நம்ம மாவு தரையோட தரையா ஒட்டிக்கிட்டு கிடந்துச்சு. அப்புறம் 'தொடர்புடைய தேடல்கள்' பட்டியலை டவுன்லோட் பண்ணி சுத்தம் பண்ண உட்காந்தேன். நடிகை பேரு, பாட்டு, சீரியல் எல்லாம் வந்திருக்கும், அதையெல்லாம் எடுத்துடணும். அந்தப் பட்டியல்ல ஒரு டியூப் பேரு இருந்துச்சு. கூடவே 'பக்க விளைவு'ன்னு ஒரு வார்த்தை. என்னன்னு பாத்தேன். மருந்து. காஸ்மெட்டிக் இல்ல. ப்ராஜெக்ட் தலைப்பு 'அழகுசாதனப் பொருள்', இது வெளியாளுன்னு முடிவு பண்ணி வரியை டெலீட் பண்ணிட்டேன். 'காரணம்'ங்கிற காலத்துல 'சம்பந்தமில்லை'ன்னு எழுதினது இன்னும் அந்த ஃபைல்ல இருக்கு.

கடைசிப் பக்கத்துல பரிந்துரை எழுதினேன்: மாவை அப்படியே வச்சுக்கலாம், லேபிளை மாத்தணும், 'ஒயிட்னிங்'கிற வார்த்தை வரணும், அப்பதான் தேடுறவங்க கண்ணுல படும். சார் வகுப்புல வாசிச்சுக் காட்டிப் பாராட்டினார். அம்மாகிட்ட போன்ல சொன்னேன். அடுத்த வாரமே குழுக் காசுல ஐந்நூறு ஸ்டிக்கர் அடிச்சாச்சு. 'முகம் வெள்ளையாக்கும் மூலிகை மாவு'. பச்சையும் மஞ்சளும் கலந்த டிசைன், நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனேன். பெரியப்பா வீடு எங்க வீட்டுக்கு எதிர்த்தாப்ல. பெரியப்பா மகளுக்குத் தை மாசம் கல்யாணம். எனக்கு அக்காவை விட தோழின்னு சொல்லலாம். அடுப்படியில தோசை ஊத்திக்கிட்டு இருந்தா. முகம் பளபளன்னு இருந்துச்சு, ஆனா கன்னம் ரெண்டும் செவசெவன்னு. ஒவ்வொரு தோசைக்கும் ஒரு எட்டு பின்னால போய் முகத்தை விசிறிக்கிட்டு நின்னா.

"என்னக்கா, அடுப்புச் சூடு இம்புட்டா தாங்கல?"

"கொஞ்ச நாளா இப்படித்தான்டி. வெயில்ல போனாலும் எரியுது."

தண்ணி குடிக்கப் போனப்ப ஜன்னல் கட்டையில அந்த டியூபைப் பாத்தேன். வாலை மடிச்சு மடிச்சுப் பிதுக்கி வச்சிருந்துச்சு. பேரைப் படிச்சேன். நான் டெலீட் பண்ண அதே பேரு.

கேட்டேன். முதல்ல ஒண்ணும் சொல்லல. அப்புறம் மெதுவாச் சொன்னா. பொண்ணு பாக்க வந்தப்ப யாரோ ஒரு அம்மா, நல்ல பிள்ளைதான், நிறம்தான் கொஞ்சம் மட்டுன்னு சொல்லியிருக்காங்க. கூட வேலை பாக்குறவ இந்த டியூபைச் சொல்லியிருக்கா. மருந்துக் கடையில சீட்டு ஏதும் கேக்கல. போட்ட ரெண்டாவது வாரமே முகம் வெளுத்துச்சாம். வீட்டுல எல்லாரும் கல்யாணக் களைன்னு சொன்னாங்களாம். நாலு மாசமாச்சு. இப்ப தாடைப் பக்கம் பூனை முடி, நெத்தியில பொடிப் பொடியாப் பரு.

"நிப்பாட்ட வேண்டியதுதானக்கா?"

"ரெண்டு நாள் போடாட்டி தீயா எரியுதுடி. போட்டா அடங்குது. அதான் போடுறேன்."

"யார்கிட்டயாச்சும் கேட்டியா?"

"ராத்திரி கூகுள்ல போட்டுப் பாத்தேன். பயமா இருந்துச்சு. மூடி வச்சுட்டேன்."

அவ போட்டுப் பாத்தது அந்த வரிக்குள்ள ஒரு துளியா இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். கூகுள் மாதிரி எடுக்கிறப்ப அவ தேடல் மாட்டுச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அந்த மாதிரி ராத்திரியில கேட்டவங்க ஒரு பட்டியல்ல வந்து நிக்கிற அளவுக்கு இருந்தாங்க, நான்தான் அவங்களைச் சம்பந்தமில்லைன்னு எழுதினேன்.

மறுநாள் காரைக்குடிக்குத் தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். டியூபைப் பாத்ததுமே அவருக்குப் புரிஞ்சிடுச்சு. அதுல மூணு மருந்து. ஹைட்ரோகுவினோன் தோல்ல நிறம் உண்டாகுறதைத் தடுக்கும், ட்ரெடினாயின் மேல்தோலை உரிச்சுப் புதுசாக்கும், மூணாவது ஸ்டீராய்டு, எரிச்சலை அமுக்கும். மங்குக்கு டாக்டர் பாத்து சில வாரம் மட்டும் கொடுக்கிறது. மாசக்கணக்காப் பூசினா அந்த ஸ்டீராய்டே தோலை மெலிசாக்கும், ரத்தக் குழாய் வெளியில தெரியும், பரு வரும், முடி வளரும். நிறுத்தினா அமுங்கியிருந்த எரிச்சல் மொத்தமா எழும்பும். அதைத் தாங்காம மறுபடி பூசுவாங்க. 'ஸ்டீராய்டால் கெட்ட முகம்'னு இதுக்குத் தோல் மருத்துவத்துல தனிப் பேரே இருக்கு. அவ்வளவு பேர் வர்றாங்க. தோல்ல பூசுற 14 ஸ்டீராய்டுகளை 2018 மார்ச்சுல மத்திய அரசு ஷெட்யூல் ஹெச்-ல சேர்த்திருக்கு, அதாவது டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாது. டியூபைத் திருப்பிப் பாருங்க, 'ஆர்எக்ஸ்'னு ஒரு குறி இருக்கும். உங்க வீட்டுலயும் ஒரு தடவை, கண்ணாடி பக்கத்துல இருக்கிறதை எல்லாம் எடுத்துத் திருப்பிப் பாத்துடுங்க. ஹாஸ்டல் ரூம்லயும்.

ஒண்ணு சொல்லணும். வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா, "அந்தக் கருமத்தை விட்டொழிச்சிட்டு நம்ம மாவைப் போடுத்தா, எல்லாம் சரியாப் போகும்"னு டப்பாவோட வந்துச்சு. டாக்டர் அதையும் வேண்டாம்னுதான் சொல்லியிருந்தார். மெலிஞ்சு போன தோல்ல எதையும் தேய்க்கக் கூடாது, மூலிகையா இருந்தாலும். அவர் சொன்ன மருந்து, சாதா மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், அப்புறம் பொறுமை. மாசக்கணக்கு ஆகும்னார். நம்ம மாவுதான் கடைசியில ஜெயிச்சுச்சுன்னு எழுதினா கட்டுரை நல்லா இருக்கும். அப்படி நடக்கல.

முதல் பத்து நாள் அவ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ராத்திரியெல்லாம் ஈரத்துணியை முகத்துல போட்டுக்கிட்டு உட்காந்திருப்பா. தையில கல்யாணம் நடந்துச்சு. மேக்கப்புக்கு அடியிலயும் கன்னம் சிவப்பாத்தான் இருந்துச்சு. ஆல்பம் வந்தப்ப பாத்தோம், போட்டோகிராபர் யாரும் கேக்காமலேயே எல்லாப் படத்துலயும் அவளை வெளுப்பாக்கிக் கொடுத்திருந்தார்.

காலேஜுக்கு வந்ததும் அந்த ஃபைலைத் திறந்து வரியைத் திரும்பச் சேர்த்தேன். சார்கிட்ட போய், மார்க் வேண்டாம், பரிந்துரைப் பக்கத்தை மாத்தித் தர்றேன்னேன். மார்க் போட்டு முடிச்சாச்சும்மா, இருந்தாலும் எழுதிக் கொடுன்னார். இந்த வருஷம் ஜூனியர்ஸுக்கு அந்த ரெண்டு ஃபைலையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். உங்கள்ல யாராவது இதே தலைப்பு எடுத்தா, 'பக்க விளைவு', 'எரிச்சல்', 'நிறுத்துவது எப்படி'ங்கிற வார்த்தைங்களோட வர்ற வரிகளைத் தனி ஷீட்டுல போட்டு வைங்க. தூக்கி எறியறதுக்கு முன்னாடி ஒரு தடவை யாராவது ஒருத்தரோட முகத்தை நெனச்சுக்கோங்க.

ஐந்நூறு ஸ்டிக்கர்ல நாப்பது ஒட்டின டப்பா ஏற்கெனவே வித்துப் போச்சு. குழுக் கூட்டத்துல நான் எழுந்து நடந்ததைச் சொன்னப்ப யாரும் திட்டல. பழைய லேபிளையே ஒட்டுவோம்னு முடிவாச்சு. அடிச்ச காசு போனது போனதுதான், அதை நான் மாசம் கொஞ்சமாத் தர்றேன்னு சொல்லியிருக்கேன். மிச்ச ஸ்டிக்கரைத் தூக்கிப் போட அம்மாவுக்கு மனசு வரல. அடுப்படி ஆணியில குத்தி வச்சிருக்காங்க. பின்பக்கம் வெள்ளையா இருக்கிறதால பால் கணக்கு எழுதத் தோதா இருக்காம்.